மணி என்ன?

"மணி என்ன?" என்னும் வினாவைப் போல எளிய வினா உலகில் வேறொன்று இல்லை என்றே நாம் எண்ணுகின்றோம். வழியிற் செல்பவர் கேட்கின்றார். நாம் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுகின்றோம். சொல்வதிலே தயக்கம் இல்லை. கேட்டவருக்கு ஐயமும் இல்லை. ஆயினும், இந்த எளிய வினாவுக்குச் சரியான விடை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகச் சிலர் ஒரு நாட்குறிப்பை விடாது எழுதி வருகின்றார்கள். அந்த நாட்குறிப்பு நம்மிற் பலருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கின்றது. அதிலே நம் நாட்டைப் பற்றியும் ஓர் அத்தியாயம் உண்டு. இவை நம்மிற் பலர் அறியாத செய்திகள்.

கொழும்பிலே மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட என் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தார். பேச்சு அவருடைய தொழிலின்பாற் சென்றது. "சேர், எங்கள் தொழிலிலே கணக்கு எங்களை வருத்துவதில்லை. மனிதருடைய பெயரும் மனிதருடைய நேரமுந்தான் வருத்துகின்றன" என்றார் அவர். பெயரால் வரும் துன்பம் எனக்கு உடனே விளங்கிற்று. தகப்பன் பெயரை முன்னே வைத்து எழுதும் நம்மவரை, முதற்பெயர், குடும்பப் பெயர் என்னும் இரண்டு பெட்டிகளுக்குள் அடைக்க முயலும் படிவங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். நேரத்தினால் என்ன துன்பம் என்று கேட்டேன். அவர் தம் மடிக்கணினியைத் திறந்து, இணையத்தில் எவரும் காசின்றிப் படிக்கக்கூடிய ஒரு கோப்பினை எடுத்துக் காட்டினார். அதிலே படமும் இல்லை, வண்ணமும் இல்லை; எழுத்தும் எண்ணுமே வரிவரியாக நின்றன. ஆயினும் அண்மைக் காலத்தில் நான் படித்தவற்றுள் இத்துணைச் சுவையான சரித்திர நூல் வேறில்லை என்றே சொல்லுவேன்.

அந்தக் கோப்பு ஏன் வேண்டப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். கணினிக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. காலையும் இல்லை, மாலையும் இல்லை. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பிறந்த கிரீனிச் நள்ளிரவு தொடங்கி இற்றைவரை எத்தனை விநாடிகள் கழிந்தன என்னும் ஒரேயோர் எண்ணைத்தான் மிகப் பல கணினிகள் தம்முள்ளே வைத்திருக்கின்றன. அந்த எண் யாழ்ப்பாணத்திலும் ஒன்றே, இலண்டனிலும் ஒன்றே. அதனைச் "சனிக்கிழமை பிற்பகல் 4.15" என்று மனிதருக்கு விளங்கும் வகையில் மாற்றுவதாயின், அந்த ஊர் மக்கள் தம் கடிகாரங்களை எவ்வாறு வைத்திருக்கின்றார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். அதனை எந்தக் கணிதத்தினாலும் கண்டுபிடிக்க இயலாது. மனிதரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

சூரியனைப் பார்த்து அறியலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் செல்லுகின்றது. ஆதலின் மட்டக்களப்பிலே உச்சிக்கு வந்த சூரியன் யாழ்ப்பாணத்திலே உச்சிக்கு வர ஏறத்தாழ ஏழு நிமிடம் பிந்துகின்றது. சூரியனை மட்டும் நம்பினால் நம் சிறிய தீவிலேயே ஊருக்கு ஒரு மணி ஆகிவிடும். மாட்டு வண்டியிற் சென்ற காலத்தில் அந்த ஏழு நிமிடம் எவரையும் வருத்தவில்லை. புகைவண்டியும் தந்தியும் வந்த பின்னர், ஒரு நாட்டுக்கு ஒரு மணி என்னும் ஒப்பந்தம் இன்றியமையாததாயிற்று. நாம் இன்று பின்பற்றும் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. அதற்குரிய நெடுங்கோடு 82½ பாகை. அந்தக் கோடு இலங்கையின் எந்த ஊரையும் தொடவில்லை. மட்டக்களப்புக்கும் அப்பால், கிழக்குக் கடலின் மேலே செல்லுகின்றது. எனவே, நம் கடிகாரம் காட்டும் நண்பகல் நம் ஊர் எதனுடைய நண்பகலும் அன்று. அது நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு நண்பகல்.

ஒப்பந்தம் என்றால் அது மாறும். அரசுகள் மாற்றும், போர்கள் மாற்றும், சில வேளைகளில் வணிகமும் மாற்றும். சமோவாத் தீவினர் அவுஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வாணிகம் செய்வது எளிதாகும்பொருட்டு 2011ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆந் திகதியையே தம் நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டனர். 29ஆந் திகதி இரவு உறங்கியவர்கள் 31ஆந் திகதி காலையிற் கண்விழித்தார்கள். நேபாளம் 1986ஆம் ஆண்டிலே தன் கடிகாரத்தைக் கால் மணி முன்னே தள்ளி, கிரீனிச்சுக்கு 5 மணி 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டது. இத்தகைய மாற்றங்களையெல்லாம் எவராவது குறித்து வைக்காவிடின், கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இவ்வுலகில் மருந்து கொடுக்கும் வேளையும், விமானம் புறப்படும் வேளையும், பரீட்சை தொடங்கும் வேளையும் தடுமாறிவிடும்.

அந்தக் குறிப்பை எழுதும் பணியை 1980களில் தொடங்கியவர் ஆதர் டேவிட் ஒல்சன் என்னும் அமெரிக்கர். அங்கே தேசிய சுகாதார நிறுவனங்களிற் பணியாற்றியவர் அவர். அவருக்குப் பின் அப்பணியை முன்னின்று நடத்துபவர் போல் எகேட்; கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் நாட்டுப் பத்திரிகைச் செய்தியையும் வர்த்தமானி அறிவித்தலையும் கண்டு எழுதி அனுப்புகின்றார்கள். கூலி கேளாது செய்யப்படும் தொண்டு இது. அதன் பயனோ, அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் அப்பிள் தொலைபேசியிலும் லினக்ஸ் கணினிகளிலும் இன்று குடிகொண்டிருக்கின்றது.

அவர்கள் கைக்கொண்ட முறைகளுள் இரண்டு என் மனத்தைக் கவர்ந்தன. ஒன்று, இடங்களை நாட்டின் பெயரால் அன்றி நகரின் பெயரால் அழைப்பது. நாடுகளின் எல்லைகளும் பெயர்களும் மாறுவன; நகரங்கள் நிலைப்பன. ஆதலின் நம் அத்தியாயத்தின் தலைப்பு 'ஆசியா/கொழும்பு' என்பது. மற்றொன்று, சட்டப் புத்தகம் என்ன சொல்லுகின்றது என்பதோடு நின்றுவிடாது, மக்களுடைய கடிகாரங்கள் உண்மையில் என்ன காட்டின என்பதையே தேடி எழுதுவது. சரித்திரம் எழுத முற்படுவோர் அனைவரும் மனங்கொள்ளத்தக்க முறை இது.

கொழும்பு அத்தியாயத்தைப் புரட்டுவோம். 1880ஆம் ஆண்டு வரை கொழும்பின் உள்ளூர் நேரம்: கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 24 விநாடி முந்தியது. அதன் பின்னர் 1906 வரை, 5 மணி 19 நிமிடம் 32 விநாடி. இந்த எட்டு விநாடி வேறுபாட்டுக்கு உரியது 'மொறட்டுவை நேரம்' என்று கோப்பு குறிக்கின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கணினி கற்றவரான என் மாணவர் இந்த வரியைக் காட்டும்போது, தம் சொந்த ஊரைத் தேசப்படத்திற் கண்ட பிள்ளையைப் போல மகிழ்ந்தார். 1906இல் 5 மணி 30 நிமிடம் என்னும் நேரம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரி 5ஆந் திகதி கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணி. 1945 ஒக்டோபர் 16ஆந் திகதி பழைய நிலை திரும்பிற்று. எண்பது வயதைத் தாண்டிய நம் முதியோர் சிலருடைய பிறப்பு நேரம் இந்தப் போர்க்காலக் கடிகாரத்தின்படி எழுதப்பட்டது.

அதன் பின் ஐம்பது ஆண்டுகள் அமைதி. 1996ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தின் பெரும்பகுதியை நீர்வீழ்ச்சியிலிருந்து பெற்ற நாட்டிலே விளக்குகள் அணைந்தன. கடிகாரத்தை முன்னே தள்ளினால், மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வீடுகளில் விளக்கேற்றும் வேளை பிந்தும். மின்சாரம் மிஞ்சும் என்று கணக்கிடப்பட்டது. அவ்வாண்டு மே 24ஆந் திகதி வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே சென்றது. ஒக்டோபர் 26ஆந் திகதி அதில் அரை மணி திருப்பிக் கொடுக்கப்பட்டது. அன்று தொடங்கி 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை இலங்கையின் அரச நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி முந்தியதாக நின்றது.

சட்டம் கடிகாரத்தை மாற்றலாம்; சூரியனை மாற்ற இயலாது. மாலையிற் கிடைத்த வெளிச்சத்துக்கு விலையாகக் காலை இருண்டது. ஏழரை மணிக்குத் தொடங்கும் பாடசாலைக்குத் தூரத்துப் பிள்ளைகள் இருளிலே புறப்பட்டார்கள். தாய்மார் அதற்கு முன்னரே எழுந்து அடுப்பை மூட்டினார்கள். மின்சார சபையின் கணக்கேட்டிலே மிச்சம் என்று எழுதப்பட்டது, குசினியிலே தூக்கத்தின் நட்டமாகக் கழிந்தது.

இதே காலத்திலே நாடு போரிலே பிளவுண்டிருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996ஆம் ஆண்டின் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே கடிகாரங்கள் முன்போலவே 5 மணி 30 நிமிடக் கணக்கில் ஓடின. இவ்வாறு சிறிய தீவொன்றிலே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இரண்டு மணிகள் அடித்தன. 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சென்றவர்கள் இதனை மறந்திருக்க மாட்டார்கள். ஓமந்தையைக் கடந்ததும் அரை மணி பின்னே. முகமாலையைக் கடந்ததும் அரை மணி முன்னே. அயல்நாடு செல்வோர் விமானத்திலே செய்யும் காரியத்தை நம்மவர் பேருந்திலிருந்து செய்தார்கள். "எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்டால், "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று திருப்பிக் கேட்பது வழக்கமாயிற்று.

2006ஆம் ஆண்டு விய வருடப் பிறப்பை அடுத்து, ஏப்பிரல் 15ஆந் திகதி அதிகாலை 12.30 மணிக்கு நாட்டின் கடிகாரம் 12 மணிக்குத் திருப்பப்பட்டது. அந்த அரை மணி நேரம் அன்று இருமுறை வந்தது. என் மாணவர் இதனை வைத்து ஒரு புதிர் போட்டார். அந்த இரவிலே ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூத்த பிள்ளை 12.20க்குப் பிறக்கின்றது. பத்து நிமிடத்திலே கடிகாரம் திருப்பப்படுகின்றது. இளைய பிள்ளை 12.05க்குப் பிறக்கின்றது. பிறப்புப் பதிவிலே இளையவர் மூத்தவராகின்றார்! "இது வேடிக்கை அன்று, சேர். இத்தகைய ஓர் அரை மணியைக் கணினி சரியாகக் கையாள வேண்டுமானால், எந்த 12.05 என்பதை அது அறிந்திருக்க வேண்டும்" என்றார். கணித வகுப்பிலும் சமூகக்கல்வி வகுப்பிலும் ஒருங்கே கற்பிக்கத்தக்க பாடம் இது என்று எனக்குத் தோன்றிற்று.

இனி, அந்தக் கோப்பு நம் இரண்டாவது கடிகாரத்தைப் பற்றி என்ன சொல்லுகின்றது? தமிழ்ப் பகுதிகள் 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்தையே வைத்திருந்தன என்னும் பத்திரிகைச் செய்தி அதிலே குறிக்கப்பட்டுள்ளது. அதனை அடுத்து, 2006 ஏப்பிரலில் எழுதப்பட்ட ஒரு சிறிய குறிப்பு: அப்பகுதிகளில் வாழ்வோர் கல்கத்தாவின் தலைப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. புதிய தலைப்பு வேண்டியதில்லை என்பதற்குக் காரணமும் உண்டு. 1970ஆம் ஆண்டுக்குப் பின் இரண்டு இடங்களின் கடிகாரங்கள் ஒன்றாகவே ஓடியிருந்தால், அவ்விரண்டுக்கும் ஒரே தலைப்புப் போதும் என்பது அவர்களுடைய விதி. வன்னிக் கடிகாரம் 1970 முதல் இந்தியக் கடிகாரத்தோடு ஒத்தே ஓடியது. ஆதலின், கிளிநொச்சியின் நேரத்துக்குக் கல்கத்தா என்பதே பெயர்.

இதனை வாசித்தபோது முதலிலே சிறிது மனம் சுருங்கிற்று. சீனாவின் மேற்கிலே உள்ள உரும்கி நகரத்துக்குத் தனித் தலைப்பு இருக்கின்றது. அங்கே அரச நேரம் ஒன்று, உய்குர் மக்கள் வழங்கும் நேரம் வேறொன்று. அத்தகைய இடம் நமக்கு இல்லையே என்று தோன்றிற்று. சற்றே சிந்தித்தபோது அந்த எண்ணம் நீங்கிற்று. அவர்கள் நம்மை ஒதுக்கவில்லை; தம் விதியை எல்லோருக்கும் ஒப்பவே நடத்தியிருக்கின்றார்கள். எங்கோ இருந்துகொண்டு, நம் ஊர்களை ஒருமுறையேனும் காணாத சிலர், அரசு சொன்னதோடு அமையாது, மறுபுறத்திலே ஓடிய கடிகாரத்தையும் குறித்து வைத்தார்களே! அதற்கு நாம் நன்றி கூறவே வேண்டும். அந்தக் குறிப்பை விரிவாக எழுதி வைக்கும் கடமை அவர்களுடையது அன்று, நம்முடையது.

இரண்டு கடிகாரங்களின் துன்பம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, லெபனான் அரசு கோடைகால நேரமாற்றத்தை நோன்பு மாதம் முடியும்வரை தள்ளிவைப்பதாகத் திடீரென அறிவித்தது. மரோனைற் திருச்சபை அதனை ஏற்க மறுத்தது. சில நாட்கள் ஒரே வீதியிலே இரண்டு நேரங்கள் நடந்தன. எங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்ட அரசு அந்த முடிவைக் கைவிட்டது. நாம் பேசும் கோப்பும் சில நாட்களுக்குள் இரண்டு பதிப்புகளை வெளியிட நேர்ந்தது. ஒன்று மாற்றத்தை எழுத, மற்றொன்று அதனை அழிக்க. கொரியாவிலோ, 2015ஆம் ஆண்டு வடபகுதி தன் கடிகாரத்தை அரை மணி பின்னே வைத்தது. 2018 ஏப்பிரலில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்த மாளிகைச் சுவரிலே இரண்டு கடிகாரங்கள் தொங்கின. அக்காட்சி தம் உள்ளத்தை வருத்தியதாக வடகொரியத் தலைவர் கூறினார் என்று அந்நாட்டுச் செய்தி நிறுவனம் தெரிவித்தது. அடுத்த மாதம் 5ஆந் திகதி வடபகுதியின் கடிகாரம் தென்பகுதியோடு மீண்டும் ஒன்றாயிற்று.

இந்தக் கோப்பின் வாழ்க்கையிலே ஒரு கண்டமும் நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில், சோதிட மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, கோப்பிலுள்ள பழைய நேரக் குறிப்புகள் தான் உரிமை கொண்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று சொல்லி ஒல்சன் மீதும் எகேட் மீதும் வழக்குத் தொடுத்தது. உலகின் கணினிகளுக்கு மணி சொல்லிய இடம் ஒக்டோபர் 6ஆந் திகதி மூடப்பட்டது. சில நாட்களுக்குள், இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிருவகிக்கும் ஐகான் அமைப்பு அப்பணியைத் தன் பொறுப்பில் ஏற்றது. நடந்த உண்மைகளுக்கு எவரும் உரிமை கொண்டாட இயலாது என்னும் வாதம் வலுப்பெற்றது. 2012 பெப்ரவரியில் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து வழக்கைக் கைவிட்டது. ஒரு நாட்டிலே இன்ன நாளில் மணி இன்னது என்பது, காற்றையும் வெளிச்சத்தையும் போலப் பொதுச் சொத்து.

சோதிட நிறுவனத்துக்கு இதிலே என்ன அக்கறை என்று வியக்க வேண்டியதில்லை. பழைய கடிகாரங்களைப் பற்றி மிகவும் கவலைப்படுவோர் சாதகம் கணிப்போரே. இங்கேதான் இந்தக் கோப்பு நம் வீட்டுக்குள் நுழைகின்றது. 1996க்கும் 2006க்கும் இடையிலே பிறந்த பிள்ளைகளுக்கு இன்று இருபது முதல் முப்பது வயது. நம் வீடுகளிலே இப்பொழுது பெட்டியிலிருந்து எடுக்கப்படும் சாதகக் குறிப்புகளுட் பல அவர்களுடையவை. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பொருத்தம் பார்க்கக் கேட்கப்படும் குறிப்புகளும் அவையே.

ஒரு இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்கும். அரை மணி பிழைத்தால் இலக்கினம் மாறிவிடக்கூடிய வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு மணி பிழைத்தால் இரண்டில் ஒன்று. கொழும்பு மருத்துவமனையிலே 1999இல் பிறந்த பிள்ளையின் நேரத்தைச் சோதிடர் பழைய முறைக்குக் கொண்டுவர அரை மணியைக் கழிக்க வேண்டும். 1996 மே மாத இறுதிக்கும் ஒக்டோபர் மாத இறுதிக்கும் இடையிலே பிறந்ததாயின் ஒரு மணியைக் கழிக்க வேண்டும். இதனைச் செய்ய இன்று மென்பொருள் இருக்கின்றது. ஆனால், பிறந்த நாடு இலங்கை என்று கொடுத்தவுடன் அத்தகைய மென்பொருள் கொழும்பு அத்தியாயத்தை எடுத்து, கேளாமலே அரை மணியைக் கழித்துவிடக்கூடும். அதே 1999இல் வன்னியிலே, பழைய நேரக் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்புக்கு அந்தக் கழித்தல் வேண்டியதே இல்லை. சரியாயிருந்ததைத் திருத்திப் பிழையாக்கிவிடும் வேலை அது.

சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர் "இதனால் எமக்கு என்ன?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நான் இங்கே சாதகத்துக்காக வாதாட வரவில்லை. ஒரு பிள்ளை பிறந்த நேரம் என்பது ஒரு தாய் தன் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் எண். இடம்பெயர்ந்து, மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, பதிவுப் பத்திரமே இல்லாமற் போன வேளையிலும் அந்த எண் இருந்தது. அதற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அது எந்தக் கடிகாரத்தின் எண் என்பதையும் உடன் எழுதி வைப்பதே.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர் அல்லர். பஞ்சாங்கத்திலே நாழிகை உதயத்திலிருந்து எண்ணப்படுகின்றது. ஒரு நாழிகை 24 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை. "உதயாதி நாழிகை பத்து" என்று எழுதிவிட்டால், எந்த அரசு எந்தக் கடிகாரத்தை எங்கே தள்ளினாலும் அது மாறுவதில்லை. சூரியன் வர்த்தமானி வாசிப்பதில்லை! அன்றியும், இரண்டு நேரங்களோடு சச்சரவின்றி வாழவும் யாழ்ப்பாணத்து வீடுகள் நெடுங்காலமாகப் பழகியவை. வருடப்பிறப்பு வாக்கிய பஞ்சாங்கத்தின்படி ஒரு நேரத்திலும் திருக்கணித பஞ்சாங்கத்தின்படி வேறொரு நேரத்திலும் நிகழும். இரண்டையும் பத்திரிகைகள் அருகருகே அச்சிடும். பாட்டியார் ஒன்றைக் கொள்வார். பேரன் மற்றொன்றைக் கொள்வான். மருத்துநீர் இருவர் தலையிலும் ஒன்றுதான். எந்தக் கணக்கு என்பதைச் சொல்லிவிட்டால், இரண்டு கணக்குகள் இருப்பதால் ஒரு குறையும் வருவதில்லை. சொல்லாமல் விடும்போதுதான் குழப்பம் வருகின்றது.

நம் வாசக அன்பர்களுக்கு ஒரு சிறிய வேலை தருகின்றேன். உங்கள் வீட்டிலே 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்பிரலுக்கும் இடையிலே பிறந்தவர் இருப்பின், அவருடைய குறிப்பை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் எழுதியிருக்கும், திகதி எழுதியிருக்கும், நேரமும் எழுதியிருக்கும். எந்த நேரம் என்பது அநேகமாக எழுதியிராது. தாயாரையோ, பாட்டியாரையோ, அன்று அருகிலிருந்த மருத்துவமாதையோ கேட்டு, அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: "கிளிநொச்சி. பழைய நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்" என்றோ, "கொழும்பு. அரச நேரம், கிரீனிச்சுக்கு 6 மணி முன்" என்றோ. மாணவர்கள் இதனைத் தம் வீட்டுச் சரித்திரத்தின் முதற் பாடமாகக் கொள்ளலாம். போர்க்காலக் கடிகாரத்தோடு பிறந்த பாட்டனார் எவரேனும் இருந்தால் அவரையும் மறவாது கேளுங்கள்.

உலகத்தின் நாட்குறிப்பை எழுதும் அன்பர்கள் நமக்காக ஒரு சிறிய குறிப்பு எழுதிவிட்டார்கள். எஞ்சியவற்றை அறிந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணையிலே இன்னும் இருக்கின்றார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.